தண்டுவடக் காயம், மரபணு மார்க்கர், மடிந்த டியூப்

முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர் திரும்ப நடப்பாரா மாட்டாரா என்பதை ரத்தத்தில் உள்ள மரபணுக்களைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிற மாதிரி ஒரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. வாட்ஸ்அப்புக்கு வரும்போது அது "ஜீன் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமாம்" என்று ஆகிவிடுகிறது. செஞ்சி சுற்றுவட்டாரத்தில் பனைமரம், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, திண்டிவனம் - திருவண்ணாமலை ரோடு மூன்றுமே உண்டு. அதனால் இந்தக் காயம் பட்டவர் இல்லாத ஊர் குறைவு. அந்தக் குடும்பங்கள் இந்த மாதிரி செய்தியை எப்படிப் படிக்கும் என்று யோசித்துத்தான், தலைப்புகளுக்குப் பின்னால் இருக்கும் சில ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தேன்.

நான் டாக்டர் கிடையாது, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் டேட்டாவை வைத்து ஒருவர் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது ஓரளவு தெரியும். இந்தக் கட்டுரைகளின் மேல் எனக்கு இருக்கும் விமர்சனம் ஒன்றுதான். தண்டுவடக் காயத்தில் நோய் எதிர்ப்பு எப்படி மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காயம் பட்ட இடமும், அதற்குப் பிறகு கிடைக்கும் பராமரிப்பும். மார்க்கர் ஆய்வு அந்த இரண்டையும் பதிவு செய்யாமல் மரபணுவை மட்டும் பார்த்தால், பராமரிப்பின் விளைவையே மரபணுவின் விளைவு என்று வாசித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

"மரபணு மார்க்கர்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று, டி.என்.ஏ-வில் பிறப்பிலேயே இருக்கும் வித்தியாசம். அது மரத்திலிருந்து விழுவதற்கு முந்தின நாளும் அதேதான், பத்து வருடம் கழித்தும் அதேதான். இரண்டாவது, அந்த மரபணுக்களில் எவை இப்போது எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பது. ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஆர்.என்.ஏ-வை அளந்து இதைப் பார்க்கிறார்கள். இது மணிக்கு மணி மாறும். காய்ச்சல் வந்தால் மாறும், ஸ்டீராய்டு போட்டால் மாறும், தூக்கம் கெட்டால்கூட மாறும்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் முதலாவது சோர்ஸ் கோடு, இரண்டாவது சர்வர் லாக். லாகில் எரர் இருக்கிறது என்பதால் கோடில் தப்பு என்று ஆகாது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருக்கலாம்.

இருபது பேரை வைத்து ஒரு முடிவு

முதல் வகைக்கு ஓர் உதாரணம். 2008-இல் அமிதாப் ஜா தலைமையில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட 89 பேரை எடுத்துக்கொண்டு, அல்சைமர் நோயோடு சேர்த்துப் பேசப்படும் ஏ.பி.ஓ.இ மரபணுவின் எப்சிலான் 4 வகை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார்கள். 20 பேரிடம் இருந்தது. அவர்களுக்குத் தசை வலிமை திரும்புவது குறைவாகவும், மறுவாழ்வுப் பிரிவில் தங்கிய நாட்கள் அதிகமாகவும் இருந்தன என்பது முடிவு.

கேள்வி நல்ல கேள்விதான். நரம்புச் செல்கள் தங்களைப் பழுது பார்த்துக்கொள்ள கொழுப்பு தேவை, அந்தக் கொழுப்பைச் சுமந்து போகும் புரதத்தைத்தான் இந்த மரபணு எழுதுகிறது. ஆனால் எண்ணிக்கை? இருபது பேரில் மூன்று பேருக்கு முதல் மாதத்தில் நிமோனியா வந்திருந்தாலே நடுமதிப்பு அசைந்துவிடும். ஒரு மரபணுவை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, சின்னக் கூட்டத்தில் தேடும் இந்த முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மனச்சோர்வில் இதே போலப் பல வருடம் பேசப்பட்ட 18 மரபணுக்களை, 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் டேட்டாவில் வைத்துப் பார்த்தபோது எதுவும் சொல்லிக்கொள்ளும்படி நிற்கவில்லை. தண்டுவடக் காயத்தில் அவ்வளவு பெரிய கூட்டமே கிடையாது. ஆக, 89 பேரில் கிடைத்த முடிவு ஒரு யூகத்தின் ஆரம்பம் மட்டுமே, தீர்ப்பு இல்லை. அதோடு எப்சிலான் 4 இந்தியாவில் ஐரோப்பாவைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. அங்கே கிடைத்த கணக்கை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

ரத்தம் சொல்லும் 72.7 சதவீதம்

இரண்டாவது வகையில் எனக்கு அதிகம் பிடித்த கட்டுரை 2021-இல் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நிகோஸ் கிரிட்சிஸும் அவர் குழுவும் செய்தது. தண்டுவடம் அடிபட்ட 38 பேரிடம் ஆரம்பக் கட்டத்திலேயே ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களில் எல்லா மரபணுக்களின் செயல்பாட்டையும் அளந்தார்கள். காயத்தின் தீவிரத்துக்கு ஏற்ப மாறும் 197 மரபணுக்கள் கிடைத்தன. அதை வைத்துக் காயத்தின் தரத்தைக் கணித்தபோது 72.7 சதவீதம் சரியாக வந்தது.

இதில் பாராட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிடாமல், எலும்பு முறிவு மாதிரி வேறு அடி பட்டவர்களோடும் ஒப்பிட்டிருக்கிறார்கள். எந்த அடி பட்டாலும் ரத்தம் கொந்தளிக்கும். தண்டுவடத்துக்கே உரியது எது என்று பிரிக்க இந்த ஒப்பீடு இல்லாமல் முடியாது. பல ஆய்வுகள் இதைச் செய்வதில்லை.

இனி குறைகள். முதலாவது, எண்ணிக்கை. 38 பேரும் கணக்கில் வந்தார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 72.7-க்கு இருபுறமும் கிட்டத்தட்ட 14 புள்ளி பிழை வரம்பு வருகிறது. அதாவது உண்மை 59-ஆகவும் இருக்கலாம், 87-ஆகவும் இருக்கலாம். செய்தித் தலைப்பில் அந்த ஒரு தசமப் புள்ளி தரும் நம்பிக்கை போலியானது.

இரண்டாவது, எதைக் கணிக்கிறோம் என்பது. இந்தத் தரம் என்பது ஏ, பி, சி, டி என்று டாக்டர்கள் போடும் கிரேடு. ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்த்து, தசைகளை அசைக்கச் சொல்லி, ஆசனவாய்ப் பகுதியில் உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்று பார்த்துப் போடுவது. கீழே எதுவுமே இல்லை என்றால் ஏ. பயிற்சி பெற்றவர் கையில் இதற்கு ஆகும் செலவு ஒரு ஊசியும் ஒரு பஞ்சும். ரத்தப் பரிசோதனை இந்தக் கிரேடைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. அப்படியானால் இந்தக் கிரேடு எவ்வளவு நல்லதோ, அதைத் தாண்டி அது போக முடியாது. மயக்கத்தில் இருப்பவர், குடித்திருப்பவர், தலையிலும் அடிபட்டவர் என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமைகளில் உதவும் என்பது நியாயமான வாதம். நடப்பாரா என்பது வேறு கேள்வி.

மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளையணுக்களின் ஆர்.என்.ஏ மாறியது என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒவ்வொரு அணுவும் உள்ளே மாறியிருக்கலாம். அல்லது ஒரு வகை அணு கூடி, இன்னொரு வகை குறைந்திருக்கலாம். அந்தக் கட்டுரையே, கிடைத்த மரபணுக் கூட்டங்களில் அணு வகைகளின் சாயல் தெரிகிறது என்கிறது. நியூட்ரோஃபில் கூடி லிம்ஃபோசைட் குறைந்திருக்கிறது என்பதை, தாலுகா ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண ரத்த எண்ணிக்கை டெஸ்டே சொல்லிவிடும். அதனால் எந்த மார்க்கர் ஆய்வைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இது: ஊசி, பஞ்சு, சாதாரண ரத்த டெஸ்ட் மூன்றும் ஏற்கெனவே சொன்னதற்கு மேல் இது என்ன சொல்கிறது? அதற்குப் பதில் இல்லாத மார்க்கர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்கு உதவாது.

தண்டுவடத்தில் அடி, மண்ணீரலில் பாதிப்பு

காயம் பட்ட இடத்தில் நோய் எதிர்ப்பு வெறிபிடித்து ஆடுகிறது. அழற்சி பெருகி, தப்பிப் பிழைத்த நரம்புகளையும் சேர்த்துக் கெடுக்கிறது. அதே ஆளின் மற்ற உடம்பு முழுக்க நோய் எதிர்ப்பு படுத்துவிடுகிறது. நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் சுலபமாக உள்ளே வருகின்றன. ஒரே உடம்பில் இரண்டும் எப்படி?

மண்ணீரலுக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் போகும் பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் நடு மார்புப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. டாக்டர்கள் டி5 என்று சொல்லும் மட்டத்தைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே தண்டுவடம் துண்டிக்கப்பட்டால், மூளையின் கட்டுப்பாடு அந்த நரம்புகளுக்குப் போய்ச் சேராது. ஆனால் நரம்புகள் சாகவில்லை. கீழேயிருந்து வரும் எந்தத் தொந்தரவுக்கும் கட்டுப்பாடில்லாமல் துள்ளுகின்றன. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, காயத்துக்கு மேல் பகுதி மட்டும் வியர்க்கிறது. இதற்கு ஆட்டோனோமிக் டிஸ்ரெஃப்லெக்சியா என்று பெயர். இது திரும்பத் திரும்ப வந்தால் நோய் எதிர்ப்பும் நாள்பட ஒடுங்குகிறது என்பதை ஃபிலிப் போபோவிச்சின் குழு 2013-இல் எலிகளில் காட்டியது. 2017-இல் பெர்லினைச் சேர்ந்த ஹரால்ட் ப்ரூஸ், ஜான் ஷ்வாப் குழு, அட்ரினல் சுரப்பியின் வழியாக இது நடக்கும் இன்னொரு பாதையைக் காட்டியது. மேல்மட்டக் காயத்தில் மட்டும் கார்டிசால் வகை ஹார்மோன் ஏறி, நோர் அட்ரினலின் சரிந்து, எதிர்ப்பு அணுக்கள் குறைகின்றன.

சரி, இந்தத் துள்ளலை எது கிளப்புகிறது? பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை. யூரின் டியூப் மடிந்திருக்கும், அல்லது அடைத்திருக்கும். அதற்கு அடுத்தது மலச்சிக்கல். அப்புறம் படுக்கைப் புண், இறுக்கமான துணி, உள்வளர்ந்த கால் நகம்கூட. அதாவது கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்கு மடிந்த டியூப் என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தொடுகிற விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2018-இல் நியூயார்க் பகுதியிலிருந்து வந்த இன்னொரு கட்டுரையைப் படியுங்கள். பெய்ஜ் ஹெர்மன், ஓனா ப்ளூம் குழுவுடையது. காயம் பட்டு ஒரு வருடம் தாண்டிய 31 பேரையும், காயமில்லாத 26 பேரையும் ஒப்பிட்டார்கள். காயம் பட்டவர்களின் ரத்தத்தில், பாக்டீரியாவைக் கண்டு எச்சரிக்கை மணி அடிக்கும் மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. வைரஸையும் புற்றணுவையும் கொல்லும் இயற்கைக் கொல்லி அணுக்களின் மரபணுக்கள் மங்கியிருந்தன. நல்ல, உபயோகமான அளவீடு. ஆனால் நாள்பட்ட தண்டுவடக் காயத்தில் சிறுநீர்ப்பையில் பாக்டீரியா குடியிருப்பது ரொம்ப சாதாரணம், காய்ச்சலே இல்லாவிட்டாலும். எச்சரிக்கை மணி அடிப்பது காயத்தாலா, பல மாதமாகக் குடியிருக்கும் கிருமியாலா? ஒவ்வொருவரும் எந்த முறையில் சிறுநீர் கழிக்கிறார், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை ஆன்டிபயாடிக் எடுத்தார், புண் இருக்கிறதா என்பது மரபணு அட்டவணைக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் இதைப் பிரிக்க முடியும். இப்படிப்பட்ட ஆய்வுகள் அந்தத் தகவல்களைப் பின்னிணைப்பாக நடத்துகின்றன. அவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொற்று என்பது பக்கவிளைவு இல்லை

"தொற்று வந்தா மருந்து குடுத்துக்கலாம், முக்கியம் நரம்பு" என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதில் பெரிய எண்ணிக்கையில் கிடைத்திருக்கிறது. 2012-இல் ஷ்வாப் குழு, அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து 1,436 பேரின் தகவலைப் பார்த்தது. ஆரம்பத்தில் நிமோனியாவோ காயத் தொற்றோ வந்தவர்களுக்கு நரம்பு மீட்சியே குறைந்தது. 2017-இல் 1,203 பேரைப் பத்து வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்விலும் அதே கதை. ஆரம்பத் தொற்று வந்தவர்கள் வருடங்கள் கழித்தும் அன்றாட வேலைகளில் பின்தங்கியிருந்தார்கள், மரண ஆபத்தும் கூடுதல். 89-ஐயும் 38-ஐயும் இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் எந்தப் பக்கம் இருக்கிறது?

நோய் எதிர்ப்பை மொத்தமாக அடக்கிப் பார்த்த அனுபவமும் இருக்கிறது. 1990-இல் வந்த 487 பேர் ஆய்வுக்குப் பிறகு, மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றுவது உலகம் முழுக்கப் பழக்கமானது. அந்த ஆய்வில் மொத்தக் கூட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து போன ஒரு பிரிவில் மட்டும் நன்மை தெரிந்தது. 1997-இல் அடுத்த ஆய்வில், 48 மணி நேரம் மருந்து ஏற்றப்பட்டவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் ரத்தத் தொற்றும் கூடின. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டியே இதைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சின்னப் பிரிவில் தெரிந்த ஒரு நன்மையை நம்பி, எத்தனை வருடம்!

மரபணுவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. கேள்வி சரியாக இருந்தால் மரபணு பிரமாதமாகப் பதில் சொல்லும். இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணுக் குறை, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருப்பதை 2009-இல் கண்டுபிடித்தார்கள். வைசிய சமூகத்தில் சிலருக்கு, மயக்க மருந்தோடு தரும் ஒரு தசைத் தளர்வு மருந்து உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாது. அதற்கும் ஒரே ஒரு மரபணு மாற்றம்தான் காரணம். அறுவைக்கு முன்னால் தெரிந்தால் உயிர் காக்கும். இந்த இரண்டிலும் காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் தூரம் குறைவு. தண்டுவடக் காயத்தில் நடுவில் ஆம்புலன்ஸ், தூக்கிய விதம், அறுவை, டியூப், மெத்தை, வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள்.

இந்த நோயில் இதுவரை உயிரைக் காப்பாற்றியவை எவை? 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தார். 1972-இல் ஜாக் லாப்பிடஸ், டியூபை நிரந்தரமாக உள்ளே விடாமல், சுத்தமான கையோடு அவ்வப்போது போட்டு எடுத்தாலே போதும் என்று காட்டினார். நம் பக்கம் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி-யில் டாக்டராக இருந்தபோது 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், திருவண்ணாமலையில் ப்ரீத்தி சீனிவாசன் தொடங்கிய சோல்ஃப்ரீ இருக்கிறது. கிரிக்கெட் ஆடிய பெண், பதினெட்டு வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இவர்கள் எல்லோரும் செய்ததை ஒரு வார்த்தையில் பராமரிப்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மேலே சொன்ன மண்ணீரல் கணக்கைப் பார்த்தால், அது நோய் எதிர்ப்பு மருத்துவமும்தான்.

இங்கே செய்தால் எப்படிச் செய்யலாம்

நம்மிடம் வேறு யாரிடமும் இல்லாத வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஒப்பிட உள்ளூர் அளவுகோல் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021-இலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது, வீடு தேடி பிசியோதெரபி தரும் மக்களைத் தேடி மருத்துவமும் அதே வருடம்தான் வந்தது. முதல் மணி நேரத்திலும், பிறகு வீட்டிலும் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பதிவில் எந்தெந்தப் பத்தி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால்: காயத்தின் மட்டம். தொட்டுப் பார்த்துப் போட்ட கிரேடு, பார்த்த நேரத்தோடு. ஸ்டீராய்டு கொடுத்தார்களா. டியூப் நிரந்தரமா, அவ்வப்போதா. தொற்று எத்தனை முறை, எந்த மருந்து. புண் உண்டா. வாரத்தில் எத்தனை முறை தலைவலியும் வியர்வையும். சாதாரண ரத்த எண்ணிக்கை. இத்தனைக்கும் பிறகு கடைசிப் பத்தியாக மரபணு. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் ஒரு மரபணு தனியாக நின்று பேசினால், அதை நான் நம்புவேன். அந்த ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். பணம் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்கு. "நடப்பாரா" என்பதற்குக் காசு வாங்கிக்கொண்டு பதில் சொல்லக்கூடிய ஜீன் டெஸ்ட் இன்றைக்கு எதுவும் இல்லை. மாதம் 2,000 ரூபாய் அரசு உதவித்தொகையில் ஓடும் வீட்டில் அந்தப் பணத்துக்கு நல்ல மெத்தையும், சுத்தமான டியூபும், ஒரு ரத்த அழுத்த மெஷினும் வாங்கலாம். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்கு அழுத்தம் சாதாரணமாகவே குறைவாக இருக்கும். அதனால் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே ஆபத்து, நமக்கு நார்மலாகத் தெரியும் எண்கூட அவருக்கு அதிகமாக இருக்கலாம். திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், துணியைத் தளர்த்துங்கள், டியூப் எங்கேயாவது மடிந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிப் பாருங்கள். குறையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிற டாக்டரிடமோ நர்ஸிடமோ டிஸ்ரெஃப்லெக்சியா என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதிக் கட்டில் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருப்பது நல்லது.